'ஹைப்பர்' என்று சொல்லாதீர்கள்... என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்!

"டாக்டர், இவன் ரொம்ப ஹைப்பர்!"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மா சொல்லிவிட்டார். ஏழு வயசுப் பையன். அதற்குள் அவன் என் மேஜை மேலிருந்த சின்னக் கல்வத்தின் குழவியை எடுத்து உருட்ட ஆரம்பித்திருந்தான்.

அதே வாரத்தில் முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவரைக் கணவர் அழைத்து வந்தார். "எப்பப் பார்த்தாலும் ஹைப்பரா இருக்கா டாக்டர். உப்புக்குப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கத்தறா. நீங்களே கேளுங்க."

மூன்றாவதாக ஒரு குடும்பம். ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். "அப்பா முன்னெல்லாம் டல்லா இருப்பாரு டாக்டர். இப்ப செம ஹைப்பர், செம எனர்ஜெடிக். அம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும்னு கூட்டிட்டு வந்தாங்க" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே சொல். ஆனால் மூவருக்கும் இருந்தது மூன்று வேறு வேறு நோய்கள்! அந்த ஒரு சொல்லை நம்பி நான் மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவர் விஷயத்தில் நான் அப்படித்தான் நம்பினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வார்த்தைக்குள்ளே ஒரு வைத்தியம்

'ஹைப்பர்' என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த முன்னொட்டு. 'மேலே', 'அளவை மிஞ்சிய' என்று பொருள். அது தனியாக நிற்கிற சொல்லே கிடையாது. பின்னால் ஏதாவது ஒட்டினால்தான் அர்த்தம். டென்ஷன் ஒட்டினால் இரத்தக்கொதிப்பு. அசிடிட்டி ஒட்டினால் வயிற்றெரிச்சல். தைராய்டு ஒட்டினால் சுரப்பிக் கோளாறு. ஆக்டிவ் ஒட்டினால் ஓயாத பிள்ளை. நாம் என்ன செய்கிறோம்? வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் வைத்துக்கொண்டு 'ஹைப்பர்' என்கிறோம். எது மிஞ்சியது என்பது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் துள்ளல், பரபரப்பைக் குறிக்கும் பல சொற்கள் ஒரு காலத்தில் நோயின் பெயர்களாகவே இருந்தவை. "இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே ஹெக்டிக்" என்கிறோமே, அந்த ஹெக்டிக் காசநோயாளிக்கு விடாமல் அடிக்கும் காய்ச்சலின் பெயர். 'ஃப்ரான்டிக்' என்பது மூளைக் காய்ச்சலில் பிதற்றுகிற நிலையைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. 'ஹிஸ்டீரியா' கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பெண்கள் உணர்ச்சிவசப்பட்டால் கர்ப்பப்பைதான் காரணம் என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். பாவம், கர்ப்பப்பை! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது அந்தப் பெயரைக் கைவிட்டது. 'என்தூசியாசம்' என்றால் இன்றைக்கு உற்சாகம். அதன் மூலப் பொருளோ, 'தெய்வம் உள்ளே புகுந்த நிலை'. நம் ஊரில் 'சாமி வந்துடுச்சு' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

சிடுசிடுப்பான, சட்டென்று கொதிக்கிற ஆளை ஆங்கிலத்தில் 'காலரிக்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது பித்தம். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்களை வைத்து ஐரோப்பியர் நோய் பார்த்த காலத்துச் சொல் அது. நாம் வாதம், பித்தம், ஐயம் என்று மூன்றை வைத்துப் பார்க்கிறோம். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் முதல் குறளிலேயே சொல்லிவிட்டார்.

தமிழிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. துறுதுறுப்பு, சுட்டித்தனம், பரபரப்பு, படபடப்பு, பதற்றம், ஆர்ப்பாட்டம். துறுதுறுப்பு கண்ணிலும் கையிலும் தெரியும். படபடப்பு நெஞ்சில் தெரியும். பதற்றம் மனதில் பயமாக இருக்கும். பரபரப்பு வேலையில் தெரியும். நம் பாட்டிமார்கள் இதையெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள். "நெஞ்சு படபடங்குது" என்று பாட்டி சொன்னால் வைத்தியர் உடனே நாடியைப் பிடிப்பார். "ஹைப்பரா இருக்கு" என்றால் எதைப் பிடிப்பது?

ஏழு வயசுப் பையன்: எல்லா வாலும் நோயல்ல

பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார்: பெஞ்சில் உட்காருவதில்லை, பக்கத்துப் பையனைச் சீண்டுகிறான், பாடத்தைக் கவனிப்பதில்லை. யாரோ உறவினர், 'இது ஏ.டி.ஹெச்.டி.யாத்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டார். அந்தத் தாய் இரண்டு இரவாகத் தூங்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டு நிலை உண்மையானது. 'அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?' என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இருந்தது. ஜெர்மனியில் ஹாஃப்மன் என்ற மருத்துவர் 1840களில் எழுதிய குழந்தைக் கதைகளில், சாப்பாட்டு மேஜையில் ஆடி ஆடி மேஜை விரிப்போடு கவிழ்கிற பிலிப் என்ற பையன் வருகிறான். 1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் சபையில் சொற்பொழிவாற்றினார். பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. இப்போதுள்ள பெயர் 1987ல் வந்தது.

ஆனால், துள்ளுகிற பிள்ளைக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட முடியாது. மனநல மருத்துவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துள்ளல், அவசரத்துக்கு ஒன்பது அறிகுறிகள். ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல், இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். படிப்பையோ பழகுவதையோ கெடுக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை என்றும் உறுதியாக வேண்டும்.

அந்த 'வேறு காரணம்' பகுதியில்தான் நம் பையன் மாட்டினான். "ராத்திரி எப்படித் தூங்குறான்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான் டாக்டர். குறட்டை கூட விடுவான், அவங்க தாத்தா மாதிரி!" என்று சிரித்தார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் அப்போதும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பினேன். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை நன்றாக வளர்ந்திருந்தது. ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிய பிள்ளைக்குத் தூக்கம் எங்கே வந்தது? பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து விழுவார்கள். சின்னப் பிள்ளைகள் பலர் தூக்கம் கெட்டால் துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள். சிகிச்சைக்குப் பிறகு குறட்டை நின்றது. அடுத்த பருவத்தில், 'இப்போது பரவாயில்லை' என்று டீச்சரே சொன்னாராம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பதினொன்றரை வரை செல்போன், காலையில் ஆறுக்கு வேன் என்றால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்?

இன்னும் சில காரணங்கள்: கீரிப்பூச்சித் தொந்தரவால் இரவில் அரிப்பு, இரத்தச்சோகை, சரியாகக் காது கேட்காமை, கண் பார்வைக் குறைவு, வீட்டில் ஓயாத சண்டை. இவற்றை முதலில் பாருங்கள்.

"ஸ்வீட் சாப்பிட்டா ஆட்டம் போடறான்" என்று பலர் சொல்வார்கள். 1990களில் இதை நன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். எந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்தோம் என்று தாய்க்கும் தெரியாமல், பிள்ளைக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பல்லுக்கும் எடைக்கும் கெடுதல்தான், ஆனால் ஆட்டத்துக்குச் சர்க்கரை காரணமல்ல. செயற்கை நிறங்களின் கதை வேறு. சில நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சில பிள்ளைகளின் துள்ளலைக் கொஞ்சம் கூட்டுகிறது என்று 2007ல் இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. 2010லிருந்து ஐரோப்பிய நாடுகளில் அந்த நிறங்கள் சேர்ந்த உணவின் உறையில் எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள். பிறந்தநாள் விழாக்களில் அந்தப் பச்சை, சிவப்புப் பானங்களைக் குறைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், ஏ.டி.ஹெச்.டி.தான் என்று உறுதியானால் வெட்கப்படாதீர்கள். உங்கள் வளர்ப்பின் குற்றமல்ல அது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. பெரிய பிள்ளைகளுக்குப் பயிற்சியோடு, தேவைப்பட்டால் நிபுணர் மேற்பார்வையில் மருந்து. இன்னொன்று: பெண் குழந்தைகளில் பலர் துள்ளவே மாட்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கனவில் இருப்பார்கள். 'ஹைப்பர்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் இவர்கள் கண்ணில் படாமலே போவார்கள்.

கத்துகிற பெண்: கழன்று விழுந்த வளையல்

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல், கை நடுக்கம். கணவர் 'ஹைப்பர்' என்றார். மாமியார் 'டென்ஷன்' என்றார். வேலைக்கும் போய், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, வீட்டையும் நடத்துகிற பெண். டென்ஷன் இருக்கத்தானே செய்யும் என்று நானும் நினைத்தேன். நாடி வேகமாக நடந்தது. பித்தமும் வாதமும் மீறியிருக்கிறது என்று கணித்து, தூக்கத்துக்கும் மனஅமைதிக்கும் நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அமுக்கராச் சூரணத்தைப் பாலில் சாப்பிடச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். படபடப்பு கூடியிருந்தது. எழுந்து போகும்போது கையைத் தூக்கினார். வளையல் சரசரவென்று முழங்கை வரை இறங்கியது. எனக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, இளைச்சுட்டீங்களா?"

"ஆமா டாக்டர், மூணு மாசத்துல ஆறு கிலோ. ஆனா பசி மட்டும் நல்லாத்தான் எடுக்குது. டயட்டே இல்லாம இளைச்சுட்டேன்னு ஆபீஸ்ல எல்லாரும் பொறாமைப்படறாங்க."

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது. ஃபேனுக்கு அடியிலும் வேர்க்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு நூற்றுப் பத்து. அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். டி.எஸ்.ஹெச். மிகக் குறைவு, டி3, டி4 அதிகம். ஹைப்பர் தைராய்டு! கணவர் சொன்ன 'ஹைப்பர்' சரிதான், பின்னால் ஒட்ட வேண்டிய சொல்தான் தெரியாமல் இருந்தது.

நான் கொடுத்த அமுக்கரா தைராய்டு சுரப்பைத் தூண்டிவிடக் கூடியது என்று மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. நல்ல மருந்து, தவறான ஆளுக்குப் போய்விட்டது. தவறு மூலிகையுடையது அல்ல, எடை பார்க்காமல் கொடுத்த என்னுடையது. அந்தக் குடும்பத்திடம் அதைச் சொன்னேன். சூரணத்தை நிறுத்தி, நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அனுப்பினேன். அன்றிலிருந்து என் அறையில் எடை பார்க்கும் மெஷின் வாசலுக்கு நேராக வந்துவிட்டது.

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. உடம்பு என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அது அதிகமாகச் சுரந்தால் வண்டியின் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்ட மாதிரி. கவனிக்காமல் விட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு மெலியும். மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என்று நல்ல சிகிச்சைகள் உண்டு. கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போய் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அபூர்வமாக அந்த அணுக்கள் அபாயகரமாகக் குறையலாம்.

இன்னொரு குறிப்பு. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் கருவிகளில் அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டும். நல்ல தைராய்டையும் ஹைப்பர் என்று காட்டிவிடலாம். பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்திவிட்டுப் போங்கள்.

நன்றி சொல்ல வந்த குடும்பம்

மூன்றாவது குடும்பம்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஏனென்றால் அங்கே எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஜவுளிக்கடைக்காரர் நான்கு மாதம் சோர்ந்து கிடந்தவர். கடைக்குப் போகாமல், யாரிடமும் பேசாமல் இருந்தார். நான் லேகியம் கொடுத்திருந்தேன். இப்போது என் அறைக்குள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். இரண்டு புதுக் கிளைகள் திறக்கப் போகிறேன் என்றார். அதை முடிப்பதற்குள் அரசியல், அதை முடிப்பதற்குள் என் அறைக்கு ஏ.சி. வாங்கித் தருவதாக வாக்குறுதி. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

மனைவியைத் தனியாகக் கேட்டேன். "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறார்?"

"ரெண்டு மணி நேரம்தான். ஆனா சோர்வே இல்ல டாக்டர். விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து ஊரெல்லாம் போன் பண்றார்."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா. ரெண்டு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டார். என் நகையில பாதி அடகுக் கடையில இருக்கு." அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் முதல்முறையாக இறங்கியது.

இதற்குப் பெயர் உற்சாகம் அல்ல. 'மேனியா'. சோர்வும் எழுச்சியுமாக மாறி மாறி வரும் 'பைபோலார்' நோயின் எழுச்சிப் பக்கம். ஒரு வாரமோ அதற்கு மேலோ இந்த நிலை நீடிப்பது, தூக்கத்தின் தேவையே குறைந்து போவது, பேச்சை நிறுத்த முடியாமை, 'நான் பெரிய ஆள்' என்ற நினைப்பு, கையில் காசு நிற்காமை... இவைதான் அடையாளங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவலையில் இருப்பவருக்குத் தூக்கம் வராது, மறுநாள் களைப்பாக இருக்கும். மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கமே வேண்டாம், களைப்பும் இருக்காது. இந்த ஒரு கேள்வி போதும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

சித்த மருத்துவத்தில் மன நோய்களுக்குக் 'கிரிகை' என்று பெயர். பதினெட்டு வகை சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அன்று நான் சூரண டப்பாவைத் திறக்கவில்லை. மேனியா கையை மீறிப் போக அதிக நாள் ஆகாது. கடன், விபத்து, சண்டை, சில நேரம் உயிருக்கே ஆபத்து. மகளை உடன் அனுப்பி அன்று மாலையே மனநல மருத்துவரைப் பார்க்க வைத்தேன். கணவருக்கோ கோபம். "நல்லா இருக்கிற எனக்கு எதுக்கு மருந்து?" என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார். ஒன்றரை மாதம் கழித்துத் தானே வந்து, "ஏன் சார் இன்னும் ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார். மனைக்குக் கொடுத்த அட்வான்ஸில் ஒன்று திரும்பி வரவில்லை.

இந்த நோய்க்கு 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் கண்டறிந்த லித்தியம் இன்றும் முக்கியமான மருந்து. அது சாப்பிடுகிறவர்கள் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு நிலையையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. திடீரென்று உப்பை நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் மூட்டுவலி மாத்திரையோ, சிறுநீர் பெருக்கும் மருந்தோ, என்னைப் போன்றவர்கள் தரும் கஷாயமோ எதையும் சேர்க்கக் கூடாது.

பாதரசக்காரர்கள்

ஒரு மனிதர் நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் ஆங்கிலத்தில் 'மெர்க்குரியல்' என்பார்கள். மெர்க்குரி என்றால் புதன் கிரகமும்தான், பாதரசமும்தான். இந்தச் சொல் வரும்போது எங்கள் துறைக்காரர்கள் கொஞ்சம் தலைகுனிய வேண்டும்.

முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முயல் ரோமத்தைப் பதப்படுத்தித் தொப்பி செய்தவர்கள் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது. கூச்சமும் எரிச்சலும் திடீர் ஆவேசமும் வந்தன. அமெரிக்காவில் 1941ல்தான் தொப்பித் தொழிலில் பாதரசத்துக்குத் தடை வந்தது. அதற்குள் எத்தனை பேருக்குப் 'பைத்தியக்காரத் தொப்பிக்காரன்' என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது!

எங்கள் முன்னோர் பாதரசத்தைச் சுத்தி செய்து மருந்தாக்கினார்கள். அந்த முறையைத் தெரியாதவர்கள் செய்கிற 'ரகசிய மருந்து' விஷம். லேபிள் இல்லாத பொட்டலம், 'நரம்புக்கு வலிமை' என்று பஸ் ஸ்டாண்டில் விற்கும் செந்தூரம், இவற்றை வாங்காதீர்கள். உரிம எண், தயாரிப்புத் தேதி, சேர்மானம் எழுதாத எந்த மருந்தையும், சித்த மருந்து என்றாலும், வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

காபியும் ஒரு காரணம்தான்

எல்லாப் படபடப்பும் பெரிய நோயல்ல. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பொதுவாகப் பாதகமில்லை என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு 200தான். நம் ஊர் ஃபில்டர் டிகாஷன் கெட்டியான சமாசாரம். காலையில் இரண்டு, பத்தரைக்கு ஒன்று, மாலையில் இரண்டு, நடுவில் கோலா என்றால் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், ஆஸ்துமா இன்ஹேலர், ஸ்டீராய்டு, இவையும் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

காரணம் எதுவும் பெரிதாக இல்லை, வாழ்க்கை ஓட்டம்தான் காரணம் என்று தெரிந்த பிறகு எங்கள் பக்கம் வாருங்கள். வாரம் ஒரு முறையோ இரு முறையோ எண்ணெய்க் குளியல், மதியத்துக்குப் பிறகு காபிக்கு விடுமுறை, இரவு சீக்கிரம் எளிய சாப்பாடு, ஒரே நேரத்தில் படுக்கை, தினம் அரை மணி நடை, நிதானமான மூச்சுப் பயிற்சி. இவை எல்லோருக்கும் பொருந்தும். வல்லாரை, நீர்ப்பிரமி போன்ற மூலிகைகளை ஆளையும் நாடியையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பத்திரிகையில் படித்துவிட்டு, என் கட்டுரையே ஆனாலும், நீங்களாகச் சாப்பிட வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது...

'ஹைப்பர்', 'டென்ஷன்', 'நெர்வஸ்' என்ற சொற்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்:

* இது எப்போதிலிருந்து? பிறவியிலிருந்தே இப்படியா, சமீபத்தில் மாறியதா? (சமீபத்திய மாற்றம் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.)
* வீட்டில் மட்டுமா, வெளியிலுமா?
* இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம்? குறட்டை உண்டா? காலையில் களைப்பு உண்டா?
* மூன்று மாதம் முன்பு என்ன எடை, இப்போது என்ன எடை? பசி எப்படி?
* உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு எத்தனை? (கடிகாரத்தைப் பார்த்து வீட்டிலேயே எண்ணலாம்.)
* வேர்வை, கை நடுக்கம், மாதவிடாய் மாற்றம்?
* பணம் செலவழிப்பதில் திடீர் மாற்றம்?
* குடிக்கும் காபி, டீ எத்தனை? சாப்பிடும் மருந்துகள், சூரணங்கள், லேகியங்கள் என்னென்ன?

மனம் சம்பந்தப்பட்டது என்று சந்தேகம் வந்து, யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416க்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

எங்கள் நாடி சாஸ்திரத்தில் வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை மாத்திரை, ஐயம் கால் மாத்திரை என்று அளவு உண்டு. மூன்று விரல் வைத்து மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து உணர எனக்குப் பல வருடம் பிடித்தது. எல்லாம் சேர்ந்து 'வேகமாக அடிக்கிறது' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்ட அன்றுதான் அந்த வளையல் என் கண்ணில் படாமல் போயிற்று.

அந்தப் பெண் போன மாதம் வந்திருந்தார். மகளுக்குச் சளி. எழுந்து போகும்போது நான் அவர் கையைத்தான் பார்த்தேன். வளையல் மணிக்கட்டிலேயே நின்றது.